முதுகில் ஒரு சூடு

என் தாத்தாவின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தழும்புகள் இருந்தன. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு மாதிரி, பளபளவென்று, முடி முளைக்காத இரண்டு வட்டங்கள். இளவயதில் கமலை இறைத்து இறைத்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்திருக்கிறார்கள். "வலி போச்சா தாத்தா?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் மாறவே மாறாது. "போச்சுடா. சூட்டுப் புண்ணு வலிச்ச வலியில இடுப்பு வலி எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல."

பல வருடம் கழித்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கில், அவருடைய மகளுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் சூடு வைத்தார்கள். இந்த முறை 80 டிகிரி செல்சியஸ், 90 நொடி. கம்பிக்குப் பதில் ஊசி. கரிக்குப் பதில் ரேடியோ அலை. அதற்கு முந்தைய மாதங்களில் நான் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

அம்மா பூப் பறிக்கிறவள். திருமங்கலம் தாண்டி எங்கள் ஊர். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மதுரை மல்லிதான். பேருக்குக் குறியீடு கிடைத்தது, பறிக்கிறவர்களுக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே செடிக்குள் இறங்க வேண்டும். செடி முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் நிற்கும். ரொம்பக் குனியவும் வேண்டாம், நிமிரவும் முடியாது. மனித முதுகுக்கு இதைவிட மோசமான உயரம் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். பறித்து முடித்த பிறகு மதியம் பூக்கட்டுகிற வேலை, அது கழுத்துக்கு. இருபத்தைந்து வருடம் இப்படி. "குனியிறது கூட வலிக்கலடா, நிமிர்றதுதான்" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோயறிதல் இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த இடத்தில் எம்ஆர்ஐ. "வயசுக்கு ஏத்த தேய்மானம்தாம்மா, பெருசா ஒண்ணுமில்ல." மூன்றாவது இடத்தில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், வீட்டில் ஏதாவது பிரச்சினையா, சரியாகத் தூங்குகிறார்களா என்று. கையில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மா ஒன்றுதான் கேட்டாள். "நான் நடிக்கிறேன்னு சொல்றாராப்பா?"

இந்தக் கேள்வி புதிதல்ல. முதுகுவலியின் நவீன வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

சூட்டின் வரலாறு அதைவிடப் பழையது. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் ஒற்றடம், வேது, தொக்கணம் என்ற வரிசையில் சுட்டிகையும் ஒன்று. சுஸ்ருத சம்ஹிதையில் அக்னிகர்மத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சித்தியர்கள் தோளிலும் இடுப்பிலும் சூடு வைத்துக்கொண்டதை கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் நூல்கள் பதிவு செய்கின்றன. ஆக, தாத்தாவுக்குச் சூடு வைத்த ஆள் தனி ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் பெரிய பரம்பரையே நிற்கிறது. அவர்கள் யாருக்கும் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: எதைச் சுடுகிறோம் என்பது.

1891இல் பிரெஞ்சுக்காரர் ஆர்சன் தார்சொன்வால் ஒரு விசித்திரமான உண்மையைச் சொன்னார். மின்சாரம் உடலில் பாய்ந்தால் தசை துடிக்கும், ஷாக் அடிக்கும். ஆனால் அந்த மின்சாரம் நொடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் திசை மாறினால் தசை துடிப்பதில்லை, உடம்பு சற்றே கதகதப்பாகிறது, அவ்வளவுதான். இரண்டு பேர் நடுவில் ஒரு பல்பைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் உடல் வழியாகவே மின்சாரம் போய் பல்பு எரியும். நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சர்க்கஸ் வித்தை போலத் தெரிகிற இதிலிருந்துதான் பின்னால் வந்தது எல்லாம் பிறந்தது.

1926 அக்டோபர் 1ஆம் தேதி, பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், வில்லியம் போவி உருவாக்கிய உயர் அதிர்வெண் கருவியைக் கொண்டு ஒரு கட்டியை அகற்றினார். சில நாள் முன்பு ரத்தப்போக்குக்குப் பயந்து பாதியில் விட்டிருந்த கட்டி அது. இன்றைக்கு எந்த அறுவை அரங்கிலும் 'காட்டரி' என்று கேட்கிறார்களே, அதன் மூதாதை. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர், முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வலிக்கும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு, கன்னத்தின் வழியாக ஊசியை விட்டு நரம்பு முடிச்சைச் சுட்டார். 1950களில் வில்லியம் ஸ்வீட்டும் வெர்னன் மார்க்கும், நேர் மின்சாரத்தைவிட ரேடியோ அலை அதிர்வெண்ணில் சுட்டால் புண்ணின் அளவு கட்டுக்குள் நிற்கிறது என்று காட்டினார்கள். பெர்னார்ட் காஸ்மன் அதற்கான இயந்திரங்களைக் கட்டி விற்க ஆரம்பித்தார்.

ரேடியோ அலை என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. இந்த இயந்திரங்கள் ஏறக்குறைய 500 கிலோஹெர்ட்ஸில் ஓடுகின்றன. தாத்தா காதோடு ஒட்டிவைத்துக் கேட்ட திருச்சி வானொலி நடுஅலையில் 936 கிலோஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டரின் முள்ளை இடது கோடிக்கும் கொஞ்சம் தாண்டித் திருப்ப முடிந்திருந்தால் அங்கே இந்த அலை. இதில் முக்கியமான விஷயம், ஊசி தானாகச் சூடாவதில்லை. ஊசி முனையைச் சுற்றியுள்ள திசுவில் இருக்கும் அயனிகள் அலையோடு சேர்ந்து அங்குமிங்கும் அலைக்கழிந்து, அந்த உரசலில் திசுதான் சூடாகிறது. அந்தச் சூடு ஊசிக்குத் திரும்பி வருகிறது. முனையில் உள்ள வெப்பமானி அதை அளந்து சொல்கிறது. தாத்தாவின் கம்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வெப்பமானிதான்.

நம் பக்கத்திலும் அந்தக் காலம் வெறுமையாக இல்லை. 1949இல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி என்று நரம்பியல் அறுவை மருத்துவம் வேர்விட்டது. அறுபதுகளில் ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், தி. சு. கனகா ஆகியோர் மூளையின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை அளந்து குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையைச் சென்னையில் செய்துகொண்டிருந்தார்கள். கனகா 1968இல் எம்.சிஎச். முடித்தவர், உலகின் முதல் சில பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் மூளையை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், இந்தப் பக்கம் கிராமத்தில் தாத்தாவுக்குக் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாநிலத்துக்குள் பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழும்.

சரி, முதுகுக்கு வருவோம். முதுகெலும்பின் பின்பக்கத்தில், ஒவ்வொரு எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையில், இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகம் அளவில் சின்ன மூட்டுகள் உண்டு. ஃபேசட் மூட்டு என்பார்கள். முழங்கால் மூட்டு வலிக்கும் என்றால் இதுவும் வலிக்கத்தானே செய்யும்? 1911இலேயே கோல்ட்த்வெய்ட் இதைச் சந்தேகித்தார். 1933இல் கோர்ம்லி 'ஃபேசட் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். ஆனால் அவருடைய கெட்ட நேரம், மறு வருடமே மிக்ஸ்டரும் பாரும் முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஜவ்வு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இன்றும் எங்கள் ஊரில் யாருக்கு முதுகு வலித்தாலும் "ஜவ்வு வெலகிருச்சாம்" என்பதுதான் தீர்ப்பு. 1934இன் வெற்றி அது.

மூட்டு மறுபடி மேடைக்கு வந்தது ஆஸ்திரேலியாவில், ரொம்பவும் விநோதமான வழியில். ஸ்கைர்ம் ரீஸ் என்ற மருத்துவர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். மெல்லிய கத்தியை முதுகின் தோல் வழியாக இறக்கி, மூட்டுகளுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிடுவதாகவும், ஆயிரம் பேருக்குச் செய்ததில் ஏறக்குறைய எல்லாருக்குமே வலி போனதாகவும் சொன்னார். ஆயிரத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னால் நாம் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த நார்மன் ஷீலி கிட்டப் போய் உட்கார்ந்தார். தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கருவியை 1967இல் முதன்முதலாகப் பொருத்தியவர் அவர். கத்தி முறையை அவரும் செய்து பார்த்தார், ரத்தக்கசிவு வந்தது. கத்தியை வைத்துவிட்டு ரேடியோ அலை ஊசியைக் கையில் எடுத்தார். 1975இல் அவருடைய கட்டுரை வந்தது. முதுகுவலிக்கு ரேடியோ அலைச் சிகிச்சை அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

அதன்பிறகுதான் நிகலாய் போக்டக் வருகிறார். ஆஸ்திரேலியாவில் உடற்கூறியல் படித்த இளைஞர். இறந்த உடல்களைப் பொறுமையாக அறுத்து, ஃபேசட் மூட்டுக்குப் போகும் நரம்பு உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். மீடியல் பிராஞ்ச் என்ற அந்த நரம்புக் கிளை நூல் கனம் கூட இருக்காது. எலும்பின் ஒரு குறிப்பிட்ட மடிப்பில் ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரு மூட்டுக்கு ஒன்றல்ல, மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரண்டு கிளைகள் வரும். 1979, 1980 ஆண்டுகளில் அவரும் லாங்கும் எழுதிய கட்டுரைகள் சொன்னது இதுதான்: ஷீலி குறிவைத்த இடத்தில் அந்த நரம்பே இல்லை. ரீஸின் கத்தியோ அந்த ஆழத்துக்கே போயிருக்காது.

இதைப் படித்துவிட்டு ராத்திரி மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் பேருக்கு வலி போயிருக்கிறது, நரம்பைத் தொடாமலே. எனக்குத் தாத்தாதான் ஞாபகம் வந்தார். அவருக்கும்தான் வலி போனது. அப்படியென்றால் பஸ் ஸ்டாப்பில் அம்மா கேட்ட கேள்விக்கு என்ன பதில்? எல்லாம் மனசுதானா?

போக்டக் அந்த இடத்தில் நிற்கவில்லை. 1987இல் இன்னொரு சின்ன உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஊசி சுடுவது பக்கவாட்டில்தான், முனைக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றுமே சுடுவதில்லை. ஆகவே நரம்பை ஊசியால் செங்குத்தாகக் குத்தினால் நரம்பு தப்பிவிடும், நரம்போடு இணையாகப் படுக்கவைத்தால்தான் வேகும். வாழைத்தாரில் கத்தியை நுனியால் குத்துவதற்கும் பக்கவாட்டில் வைத்து அறுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இதற்கு நடுவில், 1981இல், நெதர்லாந்தின் மென்னோ ஸ்லாய்ட்டரும் இங்கிலாந்தின் மார்க் மேத்தாவும் மெல்லிய ஊசிக்குள் வெப்பமானியை நுழைக்கும் கருவியைக் கொண்டுவந்து, கழுத்துக்கும் இந்த முறையைக் கொண்டுபோயிருந்தார்கள். ஊசி தடிமனாக இருந்தபோது கழுத்தில் கைவைக்கப் பயந்தார்கள் என்பது இயல்புதானே.

பிறகு 1996. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் சூசன் லார்ட், போக்டக் குழுவினரின் கட்டுரை. கார் விபத்தில் கழுத்து வெட்டி இழுத்து, அதன்பின் வலி போகாத 24 பேர். மேலை நாடுகளில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு, நஷ்டஈட்டுக்காக நடிப்பவர்கள் என்று. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, கேஸ் முடிந்தால் வலியும் முடிந்துவிடும் என்பார்கள். 12 பேருக்கு 80 டிகிரியில் சுட்டார்கள். 12 பேருக்கு ஊசியை அதே இடத்தில் வைத்து 37 டிகிரியிலேயே, அதாவது உடம்புச் சூட்டிலேயே, விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியைக் கேட்டு எழுதியவர்களுக்கும் தெரியாது. பொய்ச் சூடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு 8 நாளில் பழைய வலியில் பாதியாவது திரும்பிவிட்டது. நிஜச் சூடு வாங்கியவர்களுக்கு அதே கணக்கு 263 நாள்.

8க்கும் 263க்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மறு வருடம் அதே குழுவில் பார்பரா வாலிஸ் இன்னொன்றையும் காட்டினார். இந்த நோயாளிகளிடம் மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் நரம்பைச் சுட்டு வலி போனவர்களுக்கு, எந்த மன சிகிச்சையும் இல்லாமல், அந்த மனக்கோளாறும் கூடவே போய்விட்டது. மனசு கெட்டு வலி வரவில்லை, வலியால் மனசு கெட்டிருந்தது. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தவருக்கு இந்தக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் ஆத்திரத்தில் திரிந்தேன். கொடுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2017இல் நெதர்லாந்திலிருந்து மூன்று ஆய்வுகள் ஒன்றாக வந்தன. மொத்தம் 681 பேர், எல்லாருக்கும் இடுப்புப் பக்கத்து முதுகுவலி. எல்லாரும் உடற்பயிற்சி செய்தார்கள், பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ரேடியோ அலைச் சூடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை எதிர்த்தவர்கள், நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமே சரியில்லை, ஒரே ஒரு மரப்பு ஊசிச் சோதனையை வைத்து யாருக்கு மூட்டு வலி என்று முடிவுகட்டினால் இப்படித்தான் வரும் என்றார்கள். ஆதரித்தவர்கள், நிஜ உலகத்தில் ஆஸ்பத்திரிகள் அப்படித்தானே செய்கின்றன என்றார்கள். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கழுத்துக்கு, அதுவும் விபத்துக் கழுத்துக்கு, கைக்குள் அடங்கும் 24 பேரின் நல்ல சாட்சி. இடுப்புக்கு 681 பேரின் கைவிரிப்பு. அம்மாவுக்கோ இடுப்புதான் பெரிய வலி.

மதுரையில் வலி மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம் போனோம். மயக்க மருந்து படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர். எம்ஆர்ஐயை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவை நிற்கச் சொல்லி, பின்னால் சாயச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் நெதர்லாந்து ஆய்வைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "படிச்சிருக்கீங்க. அதனாலதான் நேராச் சுட மாட்டேன். ரெண்டு தடவை மரப்பு ஊசி போட்டுப் பாப்போம். ரெண்டு தடவையும் அம்மாதான் நமக்குச் சொல்லணும்."

இந்த முறையையும் போக்டக் குழுதான் தொண்ணூறுகளில் செம்மைப்படுத்தியது. சந்தேகப்படும் நரம்புக் கிளைகளில் ஒரு நாள் லிக்னோகைன், இன்னொரு நாள் புபிவகைன். முதலாவது சீக்கிரம் தெளியும், இரண்டாவது நெடுநேரம் நிற்கும். எந்த நாளில் எது என்று நோயாளியிடம் சொல்வதில்லை. வலி எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். வலி வேறெங்கிருந்தாவது வந்தாலோ, வெறும் நம்பிக்கையால் போயிருந்தாலோ, அந்த நேரக் கணக்கு மருந்தோடு ஒத்துப்போவது கஷ்டம்.

முதல் நாள் ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து, எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்யுங்கள் என்றார் நர்ஸ். அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் குனிந்து, இல்லாத செடியில் இல்லாத மொட்டுகளைப் பறிக்க ஆரம்பித்தாள். பத்தடி தூரம் பறித்துக்கொண்டே போய், நிமிர்ந்து, திரும்பி என்னைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கிட்டுடா போச்சு?" என்றாள். திருமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலி வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊசி. இந்த முறை வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, குடத்தில் தண்ணீர் எடுத்து, தெரு விளக்கு போட்ட பிறகுதான் வலி திரும்பியது. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு நாளின் மணியையும் எழுதி வைத்திருந்தாள். அடுத்த தடவை டாக்டர் அதை வாங்கித் தன் குறிப்போடு வைத்துப் பார்த்தார். முதல் நாள் சின்ன மருந்து, இரண்டாம் நாள் பெரிய மருந்து. அம்மாவுக்கு மருந்தின் பெயர் தெரியாது, மணி தெரிந்திருந்தது.

"ரெண்டும் சரியா ஒத்துப்போகுதும்மா" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் பொய் சொல்லல" என்றாள். டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு மறுபடி முளைக்கும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வலி வரலாம், வெளிநாட்டில் நிறையப் பேருக்குப் பலனில்லை என்று எழுதியிருக்கிறார்கள், செலவுக்குச் சங்கிலியை வைக்க வேண்டியிருக்கும். கவனமாகக் கேட்டாள். "அந்த வராந்தாவுல வலியில்லாம குனிஞ்சேன்ல. அது பொய்யில்லையே. போடச் சொல்லு."

குப்புறப் படுக்கவைத்து எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கினார்கள். சுடுவதற்கு முன் சின்ன மின்சாரம் விட்டுச் சோதிப்பார்கள், காலுக்குப் போகும் நரம்பு அருகில் இல்லை என்று உறுதி செய்ய. கால் துடிக்கக் கூடாது, முதுகுத் தசை மட்டும் துடிக்கலாம். "முதுகுக்குள்ள தவளை துள்ளுன மாதிரி இருந்துச்சு" என்று பின்னால் சொன்னாள். பிறகு மரப்பு மருந்து, பிறகு சூடு. ஒவ்வொரு இடத்திலும் 90 நொடி. வெளியே வந்தபோது முதுகில் நாலைந்து சின்ன பிளாஸ்திரிகள் மட்டும் இருந்தன. பஸ்ஸில் வரும்போது, "தாத்தாவுக்குத் தழும்பு இருந்துச்சு. எனக்கு அதுகூட இல்ல, யாரும் நம்ப மாட்டாங்க" என்று சிரித்தாள்.

முதல் பத்து நாள் தோல் எரிந்தது, வலியும் கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று நான் பயந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து குறைந்தது. ஒரு பூக் காலம் முழுக்க, விடியுமுன் கிளம்பி, நிமிர்ந்து, திரும்பி வந்தாள். டாக்டர் சொன்ன உடற்பயிற்சிகளைச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன், செய்தேன் என்று அவள் சொன்னாள். கழுத்து வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

போன மாசம் சாயங்காலம் போன் பண்ணினாள். பூ விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மழை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது, "லேசா நிமிர்றப்ப பிடிக்குதுடா" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாளாம்.